ஆபரேஷன் தாங்குவாரா?

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

நம் வீடுகளில் வயதான ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும் எழுகின்ற முதற்கேள்வி, "ஆபரேஷன் தாங்குவாரா?" என்பதுதான். கேட்பவர் மகனாக இருப்பார், மருமகளாக இருப்பார், ஊரிலிருந்து துணைக்கு வந்த பெரியப்பாவாக இருப்பார். யாரைப் பற்றிய கேள்வியோ அவர் மட்டும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே டாக்டர் ஏதோ விளக்குவார். வெளியே வருகிறவர்கள், "ஒன்றுமில்லை, சளி கட்டியிருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்பார்கள். அவ்வளவுதான். ஒரு மனிதரின் எஞ்சிய ஆயுள் அவரைக் கேளாமலே தீர்மானமாகிவிடும்.

கவிதையும் கதையும் மலர வேண்டிய ஆண்டு மலரில் அறுவை மருத்துவத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால், "நீதான் படித்தவன், நீ போய்ப் பேசு" என்று நம்மைத்தான் அனுப்புவார்கள். ஸ்கேன் தாளை நாம்தான் படிக்கிறோம். டாக்டர் சொன்னதை வீட்டுக்கு நாம்தான் மொழிபெயர்க்கிறோம். அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல் விழுந்துவிட்டால் ஓர் உயிருக்கான வழி அடைபடக்கூடும். எனவே இது நமக்கும் உரிய பொருளே.

ஆரம்பநிலை நுரையீரல் புற்றுநோயை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் நுரையீரல் புற்றுநோயால் மாண்டார்கள். மற்ற எந்தப் புற்றுநோயும் அவ்வளவு பேரைக் கொண்டுபோகவில்லை. ஆயினும் கட்டி சிறிதாய், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருக்கும்போதே கண்டுகொண்டால் குணப்படுத்த இடமுண்டு. ஆனால் அங்கேதான் ஒரு சிக்கல். நுரையீரலில் புற்றை உண்டாக்கிய அதே புகை, அந்த நுரையீரலின் மற்ற பகுதியையும் இதயத்தையும் முன்பே அரித்திருக்கும். நாற்பது ஆண்டு பீடியோ சிகரெட்டோ பிடித்தவருக்குக் கட்டியோடு மூச்சிரைப்பும் இருக்கும். இதயக் குழாய் அடைப்பும் இருக்கலாம். புகைப்பழக்கமே இல்லாமல் விறகடுப்பின் முன்னே காலம் கழித்த தாய்மாரின் நுரையீரலும் நலிந்திருப்பதுண்டு. வெட்டி எடுத்தால் குணமாகும் கட்டி. வெட்டத் தாங்காத உடம்பு. மருத்துவர்கள் இவர்களை ‘இடர் மிகுந்த நோயாளிகள்’ என்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: ‘இடர் மிகுந்தவர்’ என்பது தீர்ப்பு அன்று, எடை போடத் தொடங்குமுன் தராசில் வைக்கும் ஒரு கல். "தாங்குவாரா, மாட்டாரா" என்னும் இரண்டே பதில் உள்ள கேள்வியை விட்டுவிட்டு, "எவ்வளவு எடுக்க வேண்டும், எடுத்தபின் எப்படி வாழ்வார், எடுக்காமலே தீர்க்கும் வழி உண்டா, இவற்றில் அவர் விரும்புவது எது" என்று கேட்கக் கற்க வேண்டும்.

இப்படிக் கேட்பது மேனாட்டு வழக்கம் என்று யாரும் ஒதுக்க வேண்டா. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு மூன்று அளவுகளைச் சொல்லியிருக்கிறார்: நோயாளியின் நிலை, நோயின் நிலை, காலம். அடுத்த குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கும்போதும் நோயுற்றவனுக்கே முதலிடம் தந்திருக்கிறார். மருத்துவன் அவனுக்குப் பின்னரே வருகிறான். அந்த மூன்று அளவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆளின் அளவு

ஒருவர் அறுவையைத் தாங்குவாரா என்பதை முகத்தைப் பார்த்தோ, பிறந்த ஆண்டைப் பார்த்தோ சொல்லிவிட முடியாது. அதற்கு அளவைகள் உள்ளன. மூச்சை நன்றாக உள்ளிழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊதச் சொல்கிறார்கள். முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பது ஒரு கணக்கு. நுரையீரலிலிருந்து வாயு எவ்வளவு எளிதாக இரத்தத்துக்குள் செல்கிறது என்பது மற்றொரு கணக்கு. அதே வயதும் உயரமும் உள்ள நலமான ஒருவரின் அளவோடு ஒப்பிட்டு இவற்றை விழுக்காடாகச் சொல்வார்கள்.

விலங்கியல் வகுப்பில் நாம் படித்த உடற்கூறு இங்கே கைகொடுக்கிறது. வலப்பக்க நுரையீரலில் மூன்று மடல்கள்; இடப்பக்கத்தில் இரண்டு. ஒவ்வொரு மடலும் தனித்தனிக் காற்றுக்குழலும் இரத்தக்குழலும் உடைய கூறுகளாகப் பிரிந்துள்ளது. அறுவைக் கணக்குக்காக மொத்தம் 19 கூறுகள் என்று கொள்கிறார்கள்: வலப்பக்க மேல்மடலில் 3, நடுமடலில் 2, கீழ்மடலில் 5, இடப்பக்க மேல்மடலில் 5, கீழ்மடலில் 4. இனி ஒரு சிறு கணக்கு. அறுவைக்கு முன் ஒருவரின் மூச்சளவு 50 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்க மேல்மடலை எடுத்தால் 19இல் 16 கூறுகள் மிஞ்சும். மூச்சளவு ஏறத்தாழ 42 ஆகும். கட்டி இடப்பக்க மேல்மடலில் இருந்து அதை எடுத்தால் ஏறத்தாழ 37. ஒரே ஒரு கூறை மட்டும் எடுத்தால் 47. வலப்பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்தால் 24க்கும் கீழே போய்விடும். பாருங்கள், ஆள் ஒருவரே, நோய் ஒன்றே, எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவருடைய நாளைய மூச்சு 24இலிருந்து 47 வரை மாறுகிறது! "தாங்குவாரா" என்று மொட்டையாகக் கேட்பது எவ்வளவு போதாத கேள்வி என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

எஞ்சும் மூச்சளவு 60 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பெரிதாகக் கவலையில்லை என்பது அமெரிக்க மார்புநோய் மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின் கருத்து. 30க்கும் 60க்கும் இடையில் என்றால் எளிய சோதனை ஒன்று வைக்கிறார்கள். மாடிப்படி ஏறச் சொல்வதே அச்சோதனை! நிற்காமல் 22 மீட்டர் உயரம், அதாவது ஏறத்தாழ ஏழு மாடி, ஏறிவிட்டால் இடர் குறைவு. அல்லது குறித்த வேகத்தில் 400 மீட்டர் நடந்து காட்ட வேண்டும். 30க்குக் கீழே போனாலோ, படியேற முடியாமற் போனாலோ, மிதிவண்டி போன்ற கருவியில் மிதிக்க வைத்து உடல் எவ்வளவு உயிர்வளியைப் பயன்படுத்துகிறது என்று அளக்கிறார்கள். ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் நல்ல நிலை. 10க்குக் கீழ் என்றால் பேராபத்து.

கணக்கும் சில வேளை பொய்க்கும். பல ஆண்டுப் புகையால் மேல்மடல் ஊதிப் பயனற்றுக் கிடக்கிறது. கட்டியும் அதே மடலில் இருக்கிறது என்று கொள்வோம். அந்த மடலை எடுத்தால் மூச்சு குறையும் என்று கணக்கு சொல்லும். உண்மையில், நெருக்கப்பட்டுக் கிடந்த நல்ல பகுதி விரிவதற்கு இடம் கிடைத்து மூச்சு பெரிதாகக் குறையாமற் போகலாம். சிலருக்குத் தேறவும் கூடும். இப்படி ஊதிய பகுதியை வெட்டிக் குறைப்பது மேல்மடல் பெரிதும் கெட்டு, உழைக்கும் திறனும் குன்றியவர்களுக்கு நன்மை தருகிறது என்பதை, 1,218 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ‘மூச்சிரைப்பு இருக்கிறது, ஆகவே ஆபரேஷன் கிடையாது’ என்று வாசலிலேயே முடிவு கட்டியிருந்தால் இத்தகையவருக்கு இரட்டை இழப்பு.

ஆளின் அளவு மாறாத அளவும் அன்று. புகையை நிறுத்துவதும், சில வாரம் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் செய்வதும், இரைப்புக்கான மருந்தை முறையாக உறிஞ்சுவதும் ஒருவரை அறுவைக்குத் தகுதியுடையவராக்கக் கூடும். இன்று தாங்காதவர் ஒரு மாதத்தில் தாங்கலாம். இதை எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்?

நோயின் அளவு

நோய்க்கு ஏற்ற அறுவை எது என்பதிலும் மருத்துவ உலகம் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. 1933 ஏப்ரல் 5ஆம் நாள் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் எடுத்து அவரைப் பிழைக்க வைத்தார். நோயாளியும் ஒரு மருத்துவரே. ஜேம்ஸ் கில்மோர் என்பது பெயர். அவர் அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புகைபிடிக்கும் பழக்கமுடைய கிரஹாமோ, புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை எர்னஸ்ட் வைண்டருடன் சேர்ந்து 1950இல் உலகுக்குக் காட்டியபின், 1957இல் அதே நோயால் மாண்டார். அறுத்தவர் முன்னே போனார். அறுபட்டவர் பின்னே போனார்!

கிரஹாமுக்குப் பின் நுரையீரல் முழுவதையும் எடுப்பது மெல்ல மெல்லக் குறைந்து, மடலை மட்டும் எடுப்பதே போதும் என்றாயிற்று. அதைவிடக் குறைவாக எடுக்கலாமா? கட்டியைச் சுற்றி ஆப்பு வடிவில் சிறு துண்டை வெட்டுவது ஒரு முறை. அந்தக் கூறை அதன் குழல்களோடு முழுமையாக எடுப்பது மற்றொரு முறை. மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டிகளில் இவற்றை மடல் அறுவையோடு ஒப்பிட்ட வட அமெரிக்க ஆய்வொன்று 1995இல் வெளியாயிற்று. குறைவாக எடுத்தவர்களுக்கு அதே இடத்தில் நோய் மீண்டும் வருவது மூன்று மடங்காக இருந்தது. அன்றுமுதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு, மடலை எடுப்பதே முறை. குறைவாக எடுப்பது வேறு வழியற்றவர்க்கு என்ற எண்ணம் நிலைத்தது.

காலம் மாறியது. ஸ்கேன் கருவிகள் கூர்மையாயின. சிறு கட்டிகள் கண்ணில் பட்டன. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய 1,106 பேரைக் கொண்டு ஜப்பானியர் நடத்திய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. கூறு மட்டும் எடுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 94.3 விழுக்காடு, மடல் எடுக்கப்பட்டவர்களில் 91.1. ஆனால் அதே பக்கத்தில் நோய் திரும்பியது முன்னவர்களில் 10.5 விழுக்காடு, பின்னவர்களில் 5.4. நோய் சற்றுக் கூடுதலாகத் திரும்பியும் அதிகம் பேர் வாழ்ந்தார்கள் என்பது விந்தையாகத் தோன்றலாம். மடல் எடுக்கப்பட்டவர்களில் பிற நோய்களால் இறந்தவர்கள் மிகுதி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். மிச்சம் வைத்த நுரையீரல் பின்னாளில் வேறொரு நோய் வரும்போது கைகொடுக்கிறது போலும்! 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வு 697 பேரைப் பற்றியது. ஐந்தாண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் குறைவாக எடுத்தவர்களில் 63.6 விழுக்காடு, மடல் எடுத்தவர்களில் 64.1. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அந்த இரு ஆய்வுகளிலும் சேர்க்கப்பட்டவர்கள் மடல் அறுவையையே தாங்கக்கூடிய திடமுடையவர்கள். நலிந்தவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நலிந்தவர்களை மட்டுமே கொண்ட வேறோர் அமெரிக்க ஆய்வு உண்டு. மூச்சளவு பாதிக்குக் கீழே போனவர்கள், முதுமையோடு இதயக் கோளாறும் உடையவர்கள் போன்ற 222 பேருக்கு அதில் குறைந்த அளவு அறுவை செய்யப்பட்டது. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 1.4 விழுக்காடு, தொண்ணூறு நாளுக்குள் 2.7. ‘கத்தி பட்டால் மேசையிலேயே போய்விடுவார்’ என்று நாம் அஞ்சும் மனிதர்களிலே, தேர்ந்தெடுத்துக் கவனமாகச் செய்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் மூன்று மாதம் கடந்து நின்றார்கள் என்பது சிறிய செய்தியா?

அறுக்கும் விதமும் மாறியிருக்கிறது. விலா எலும்புகளை அகல விரித்து மார்பைத் திறந்த காலம் போய், சிறு துளைகளின் வழியே காமிராவை நுழைத்துச் செய்கிறார்கள். பிரிட்டனில் 503 பேரிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே ஏற்பட்ட சிக்கல்கள் திறந்த அறுவையில் 44.3 விழுக்காடு, துளை அறுவையில் 32.8. வலியும் குறைவு. வலி குறைந்தால் இருமிச் சளியைத் துப்ப முடியும். சளி தேங்காவிட்டால் நிமோனியா அஞ்சும். நலிந்த நுரையீரலுக்கு இதுவே பாதி வைத்தியம்.

கத்தியில்லாத வழி

நம் ஊரில் கதிர் சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். ‘ஆபரேஷனுக்கு லாயக்கில்லை; கரண்டு வைத்து அனுப்பிவிட்டார்கள்’ என்று சொல்லும்போது அதில் கைவிட்டதன் குரல் கேட்கும். பழைய முறைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆறு வாரம் நாள்தோறும் அலைந்தாலும் கட்டி முழுதும் அடங்குவது அரிதாக இருந்தது. ஆனால் 1990களில் சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் தொடங்கிய புது முறை வேறு. மூச்சோடு கட்டி அசைவதையும் கணக்கிட்டு, பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். ஒவ்வொரு கதிரும் வழியில் உள்ள திசுவுக்குச் சிறிதே கேடு செய்யும்; குவியும் இடத்தில் மட்டும் பெருந்தாக்கம். குழந்தைகள் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளை எரிப்பார்களே, ஏறக்குறைய அதுபோல. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வருகையில் முடிந்துவிடும். மயக்க மருந்து இல்லை, வெட்டு இல்லை.

அறுவைக்கு ஆகாதவர் என்று முடிவு செய்யப்பட்ட 55 பேருக்கு இம்முறையில் சிகிச்சை தந்து 2010இல் அமெரிக்காவில் வெளியிட்ட முடிவு என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. மூன்றாண்டுக்குப் பின் 97.6 விழுக்காட்டினரிடம் அந்தக் கட்டி அடங்கியே இருந்தது. ஆனால் அதே மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 55.8 விழுக்காடுதான். கட்டி தோற்றும் மனிதர் வெல்லவில்லை! சிலருக்கு நோய் வேறிடத்தில் தலைகாட்டியது. மற்றும் பலர் முன்பே இருந்த இதய, நுரையீரல் நோய்களால் போனார்கள். நலிந்தவர் உடம்பில் புற்று ஒன்றே பகை அன்று என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. மூச்சுக்குழல் பிரியும் மார்பின் நடுப்பகுதியில் கட்டி இருந்தால் அதே வேகத்தில் கதிர் செலுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2006இல் எச்சரித்தார்கள். அங்கே அளவைக் குறைத்து வருகையைக் கூட்ட வேண்டும். விலா எலும்பு முறியலாம், நுரையீரல் வீங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுவையில் நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதித்து ஒளிந்திருக்கும் பரவலைக் கண்டு மேல்மருந்து தர முடியும்; கதிருக்கு அந்தக் கண் இல்லை. ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டுப் பொசுக்கும் முறையும் உண்டு. அது அறுவைக்கும் கதிருக்கும் இசையாதவர்க்கான துணைவழி.

சரி, அறுவையா கதிரா, எது மேல்? ஐயம் திரிபறச் சொல்ல மருத்துவ உலகம் முயன்றது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் சில தொடங்கப்பட்டு, போதிய பேர் சேராமல் இடையிலேயே நின்றுபோயின. உடல் திடமுள்ளவர்க்கு அறுவையே முதல் வழி. அறவே ஆகாதவர்க்குக் கதிர். இடையில் நிற்பவர்க்கு இரண்டும் எண்ணத்தக்கவை. இன்றைய பொதுக் கருத்து இதுதான். அந்த இடைப்பட்ட இடத்தில்தான் நோயாளியின் விருப்பம் தராசை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும்.

காலம்

வள்ளுவர் காட்டிய மூன்றாம் அளவு காலம். இதற்கு இங்கே இரண்டு பொருள் கொள்ளலாம்.

ஒன்று, வீணாகும் காலம். காசநோய் மிகுந்த நம் நாட்டில் எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் சளி சோதனையில் கிருமி காணாவிட்டாலும் காசநோய் மருந்து தொடங்குவது உண்டு. பல மாதம் சென்றபின்பே அது புற்று என்று தெரிய வரும். அதற்குள் ஆரம்பநிலை கடந்துபோகிறது. ‘சதை எடுத்துப் பார்த்தால் பரவிவிடும், கத்தி பட்டால் கொதித்தெழும்’ என்ற அச்சமும் காலத்தைத் தின்கிறது. முற்றிய பின் அறுத்தவர்கள் விரைவில் இறந்ததைக் கண்டு, முற்றியதன் பழியைக் கத்தியின்மேல் போட்ட நம்பிக்கை அது.

மற்றொன்று, எஞ்சிய காலம். எண்பது வயதுக்காரரின் ஸ்கேனில் பனிப்படலம்போல் மெல்லிய சிறு நிழல் தெரிகிறது. அத்தகையவை பல ஆண்டு கிடந்தும் வளராமல் இருப்பதுண்டு. இதயமோ மிகவும் நலிந்தது. அவருக்கு அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே சிறந்த மருத்துவமாக இருக்கலாம். ஒன்றும் செய்யாதிருப்பதும் எண்ணித் துணிந்ததாக இருந்தால் அது சிகிச்சையே. எண்ணாமல் விட்டதாக இருந்தால் அது கைவிடல்.

யாரைக் கேட்பது?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இத்தனை வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

"டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?" என்பது ஒரு வாதம். மருத்துவருக்குத்தான் தெரியும், மறுக்கவில்லை. எந்த வழியில் எவ்வளவு ஆபத்து என்பதை அவரே அறிவார். ஆனால், தொண்ணூறு நாளுக்குள் சாகும் சிறு ஆபத்தை ஏற்று நோயை வேரோடு எடுத்துவிட விரும்புகிறாரா, அல்லது திரும்பி வரினும் வரட்டும், வெட்டின்றி இன்றுபோல் நடமாட விரும்புகிறாரா என்பதை எந்தக் கருவியும் காட்டாது. பிரிட்டனில் நடந்த ‘சேபர்டூத்’ என்னும் ஆய்வு இதற்குச் சான்று. இடர் மிகுந்த நோயாளிகளிடம் அறுவையையும் கதிரையும் ஒப்பிட முனைந்த அந்த ஆய்வில் தகுதியுடையவர்கள் 106 பேர். அவர்களில் குலுக்கலுக்கு இசைந்தவர்கள் 24 பேர்தான். 43 பேர் அறுவையில்லா வழியையே விரும்பினார்கள்; 19 பேர் அறுவையையே விரும்பினார்கள். ஆய்வு தோற்றது, ஆனால் ஓர் உண்மை வென்றது. முதியவர்களுக்கும் நலிந்தவர்களுக்கும் தெளிவான விருப்பம் உண்டு. அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. கேட்டார்கள், சொன்னார்கள்.

"புற்று என்று சொன்னாலே மனம் உடைந்துவிடும், அன்பினால்தான் மறைக்கிறோம்" என்பது மற்றொரு வாதம். இந்த அன்பை நான் ஏளனம் செய்யவில்லை. சொல்லும் முறை, சொல்லும் நேரம், சொல்லும் ஆள் எல்லாம் எண்ணிச் செய்ய வேண்டியவையே. தமக்குச் சொல்ல வேண்டா, மகனே முடிவு செய்யட்டும் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் உரிமை. ஆனால் கேளாமலே முடிவு செய்வது வேறு. நிலம் விற்றவர், பெண்ணுக்கு மணம் முடித்தவர், மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பத்தைக் கரை சேர்த்தவர் நோய் வந்த அன்றே குழந்தையாகிவிடுகிறாரா? ‘சளி’ என்று நம்ப வைக்கப்பட்டவர் புகையை ஏன் விடுவார்? மூச்சுப் பயிற்சியை எதற்காகச் செய்வார்? மறைத்த அன்பு அவருடைய தகுதியையே குறைத்துவிடுகிறது.

"ஏழைக்கு ஏது தேர்வு? உள்ளூரில் கிடைப்பதுதான் சிகிச்சை" என்பது மூன்றாம் வாதம், வலுவான வாதமும் இதுவே. குவிகதிர்க் கருவி எல்லா ஊரிலும் இல்லை; துளை அறுவையில் கைதேர்ந்தவர்களும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. இது அரசும் சமுதாயமும் தீர்க்க வேண்டிய கடன். அதை உரக்கக் கேட்பது மாணவர் கடமை. ஆனால் வழி இருக்கிறது என்றே தெரியாதவன் அதை எங்ஙனம் கேட்பான்? கூலி இழந்து ஆறு வாரம் அலைவதற்கும் ஐந்து முறை வந்து போவதற்கும் உள்ள வேறுபாடு, பணக்காரரைவிட ஏழைக்கே பெரிது. ஆகவே ஏழைக்குத்தான் இந்தச் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும்.

நண்பர்களே! நாளை உங்களில் ஒருவர் அந்த அறைக்குள் நிற்க நேரலாம். நேரக்கூடாது என்பதே என் விருப்பம். நேர்ந்தால், "தாங்குவாரா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மூச்சுச் சோதனையும் நடைச் சோதனையும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். மடலை எடுக்க வேண்டுமா, கூறு போதுமா என்று கேளுங்கள். துளை வழியே செய்ய இயலுமா என்று கேளுங்கள். குவிகதிர் சிகிச்சை பொருந்துமா, அதற்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். அறுவை மருத்துவர், கதிர் மருத்துவர், நெஞ்சுநோய் மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து இந்தத் தாளைப் பார்த்தார்களா என்று பணிவோடு கேளுங்கள். அறுப்பவரை மட்டும் கேட்டால் கத்தியும், கதிர் வைப்பவரை மட்டும் கேட்டால் கதிருமே பதிலாக வரக்கூடும். கூடிப் பேசும்போதே நோயாளிக்கு உரிய பதில் பிறக்கும்.

இவை எல்லாவற்றையும் கேட்டபின், கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை டாக்டரிடம் கேட்க வேண்டியதில்லை. "அப்பா, உங்களுக்கு இன்ன நோய், இன்னின்ன வழி இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். நம் படிப்பால் வீட்டுக்கு ஆகக்கூடிய நன்மைகளில் இது சிறியதன்று.